சந்தனமா, சாம்பலா? மேற்கு ஜன்னல் வைத்த ஒரு ஹாலுக்கு

கேள்வி கேட்ட தம்பிக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் வீடு. புதிதாகக் கட்டி, பூச்சு முடிந்து, பட்டி பார்க்கிற கட்டத்தில் நிற்கிறது. ஹால் 12-க்கு 16 அடி, உயரம் 10. ஜன்னல் மேற்கே ஒன்றுதான், நல்ல அகலம். கிழக்கே தலைவாசல், அதற்கு வெளியே போர்டிகோ. தரைக்குப் பர்கூர் போய் இளஞ்சிவப்புச் சாயல் ஓடுகிற கிரானைட் எடுத்துவந்து போட்டாயிற்று. கிழக்குப் படுக்கையறையில் மட்டும் வெள்ளை டைல்ஸ். அப்பா ஹாலுக்குச் சந்தனக் கலர்தான் என்கிறார். மனைவிக்கு வெளிர் சாம்பல் வேண்டும், பெங்களூரில் அவருடைய அக்கா ஃபிளாட்டில் பார்த்தது. இரண்டு ஷேடும் கார்டில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, எதை அடிப்பது என்பதுதான் கேள்வி.

தர்மபுரியில் 25 வருடத்துக்கு மேலாகப் பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். ஹாலுக்குச் சந்தனம். ஆனால் அப்பா கார்டில் காட்டுகிற சந்தனம் இல்லை, அதில் பாதி. தங்கச்சி, அதாவது உங்கள் மனைவி, கேட்ட சாம்பலைக் கிழக்குப் படுக்கையறைக்குக் கொடுங்கள். இது அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணிச் சொன்ன தீர்ப்பு இல்லை. அந்த ஹாலில் யார், எந்த நேரத்தில் உட்காருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது.

நிறம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கடைக்குப் பகல் 11 மணிக்கு வருகிறார்கள். வாசலில் நல்ல வெயில், கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் ஹாலில் யார் இருக்கிறார்கள்? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நீங்கள் ஓசூருக்கு வேலைக்குப் போய்விடுகிறீர்கள், தங்கச்சி பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறார். நீங்கள் இருவரும் ஹாலைப் பார்ப்பது காலையில் ஒன்றரை மணி நேரம், ராத்திரி ஏழிலிருந்து பத்தரை வரை. அப்பா ஒருவர்தான் பகல் முழுக்க அங்கே இருக்கிறார். ஆக, உங்கள் ஹாலுக்கு மூன்று நேரம் முக்கியம்: வெயில் எட்டாத காலை, அப்பா தனியாக இருக்கும் நாலு மணி, டியூப்லைட் போட்ட ராத்திரி. கடையில் பார்த்த 11 மணி இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ராத்திரியிலிருந்து ஆரம்பிப்போம். என்ன விளக்கு என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் வழக்கப்படி 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு என்று வைத்துக்கொள்கிறேன். அதன் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 6500கே என்று போட்டிருக்கும். கே என்றால் கெல்வின், வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் எண். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். 4000 நடுவில். 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் பக்கம் வெளிச்சம் என்றாலே பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் 6500-தான் வாங்குகிறார்கள். அந்த வெளிச்சத்தில் வெளிர் சாம்பல் சாம்பலாக இருக்காது, நீலத்துக்கு நகர்ந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு ஹால் வங்கிக் கிளை மாதிரி இருக்கும். சந்தனமும் அதில் அப்படியே நிற்காது, கொஞ்சம் எலுமிச்சைப் பக்கம் போகும். ஆனால் சந்தனத்துக்கு அது சின்ன நஷ்டம், சாம்பலுக்கு ஆளே மாறிவிடுகிற நஷ்டம்.

இப்போது பெங்களூர் ஃபிளாட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே ஃபால்ஸ் சீலிங் இருந்திருக்கும், அதற்குள் மஞ்சள் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓடியிருக்கும். தரை வெள்ளை டைல்ஸ். பால்கனிக்குச் சுவர் அகலத்துக்குக் கண்ணாடிக் கதவு. நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. ஆனால் சாம்பல் அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு அங்கே இருக்கும். தங்கச்சிக்குப் பிடித்தது சுவர் மட்டும் இல்லை, சுவர் மேல் விழுந்த மஞ்சள் வெளிச்சமும்தான். சுவரை மட்டும் பெயர்த்துக் காவேரிப்பட்டணம் கொண்டுவந்தால் பாதிதான் வந்து சேரும்.

இதில் நானே ஏமாந்தவன். ஆறேழு வருடம் முன்பு என் சொந்த வீட்டு முன்னறைக்கு வெளிர் சாம்பல் அடித்தேன். ஊருக்கெல்லாம் அட்டையில் அடித்துக் காட்டிவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்கிறவன், என் வீடுதானே என்று நேராகச் சுவரில் இறங்கிவிட்டேன். சாயங்காலம் இரண்டாவது கோட் முடித்து, விளக்கைப் போட்டால் சுவர் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குதே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் டப்பா மூடி மேல் ஒட்டியிருந்த கலவைக் கணக்குச் சீட்டைப் பார்த்தால் கறுப்போடு வயலெட்டும் ஒரு பொட்டு இருந்தது. சீட்டு முதல் நாளும் அங்கேதான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

சாம்பல் என்றால் வெள்ளையில் கறுப்பைக் கலப்பது என்றுதான் நினைப்போம். கடையில் ஷேடு கலக்கிற மெஷின் அப்படிச் செய்வதில்லை. வெள்ளை பேஸில் கறுப்பு விடும், கூடவே மஞ்சள் ஆக்சைடோ, சிவப்பு ஆக்சைடோ, நீலமோ, வயலெட்டோ ஒரு துளி விடும். அந்தத் துளிதான் அடிச்சாயல். கார்டில் சின்னக் கட்டமாக இருக்கும்போது அது தெரியாது. நாலு சுவரிலும் அடித்துவிட்டால், ஒரு சுவரின் சாயல் எதிர்ச் சுவரில் பட்டு, அது திரும்ப இதில் பட்டு, துளி பெருகிவிடும். நம் வீடுகளில் சுண்ணாம்பு அடித்த காலத்தில் இதையே நல்ல விதமாகப் பயன்படுத்தினார்கள். ஒரு தொட்டிச் சுண்ணாம்பில் துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றுவார்கள். சுவர் நீலமாகாது, சுண்ணாம்பின் மஞ்சள் அடங்கி வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். ஒரு சிட்டிகைக்கே அவ்வளவு வேலை.

அடிச்சாயலைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெள்ளை ஏ4 தாளில் ஒரு சதுரம் வெட்டி, அந்த ஓட்டை வழியாகக் கார்டில் உள்ள கட்டத்தை மட்டும் பாருங்கள். பக்கத்துக் கட்டங்கள் மறைந்து, சுற்றிலும் சுத்த வெள்ளை இருக்கும்போது சாம்பல் தன் ஜாதகத்தைச் சொல்லிவிடும்: இது நீலம், இது பச்சை, இது ஊதா, இது மண். சந்தனத்துக்கும் இதையே செய்யுங்கள். சில சந்தனம் மாம்பழப் பக்கம், சில ரோஜாப் பக்கம், சில பச்சைப் பக்கம் இருக்கும். உங்கள் தரை இளஞ்சிவப்பு என்பதால் ரோஜாப் பக்கம் போகிற சந்தனத்தைத் தொடவே வேண்டாம்.

ஏனென்றால் தரையும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும். அதுவும் பாலிஷ் போட்ட கிரானைட் என்றால் கேட்கவே வேண்டாம். மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழும். அங்கிருந்து எழும்பும் வெளிச்சம் இளஞ்சிவப்பை எடுத்துக்கொண்டு சுவரின் கீழ்ப் பாதியிலும் சீலிங்கிலும் போய்ப் படும். நீலச் சாம்பல் மேல் இளஞ்சிவப்பு பட்டால் கிடைப்பது ஊதா. என் வீட்டுக் கத்தரிப்பூ உங்கள் வீட்டில் வயலெட் துளி இல்லாமலே பூக்கும். சந்தனம் மேல் அது பட்டால் பழுத்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு வரும், அவ்வளவுதான். கிரானைட் ஊரில் இருந்துகொண்டு தரையை முதலில் போட்டுவிட்டு நிறத்தைக் கடைசியில் தேடுவது நம் வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் தரை போட்ட அன்றைக்கே பாதி நிறம் முடிவாகிவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளியே இருப்பதும் உள்ளே வரும். சந்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பு வீட்டில், இரண்டு ஜன்னலுக்கும் எதிரே மரம்தான். அவர்கள் எடுத்த வெளிர் கிரீம் பகல் முழுக்கப் பச்சை பாய்ந்து நின்றது. பெயின்ட் மாறிவந்துவிட்டது என்று வீட்டுக்காரர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கடை வாசலில் அட்டையில் அடித்துப் பார்த்தால் சுத்தமான கிரீம். மா இலையில் பட்டு வந்த வெளிச்சத்தின் வேலை அது. உங்கள் ஜன்னலுக்கு எதிரே திறந்த நிலம் என்று எழுதியிருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. நாளைக்குப் பக்கத்து மனைக்காரர் வீடு கட்டிச் சிவப்பு அடித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மேற்கு வெயிலில் இன்னொரு சங்கதி. அது வருடம் முழுக்க ஒரே சுவரில் விழாது. ஆனி மாதம் சூரியன் நேர் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளி இறங்கும், அப்போது வெயில் உங்கள் தெற்குச் சுவரில் போய் அடிக்கும். மார்கழியில் தெற்கே தள்ளி இறங்கும், வடக்குச் சுவர் எரியும். நம் ஊர் அட்சரேகையில் இந்த நகர்வு நேர் மேற்குக்கு இந்தப் பக்கம் 24 டிகிரி, அந்தப் பக்கம் 24 டிகிரி. அதனால் இந்த ஒரு சுவரில் மட்டும் வெயில் படும், அங்கே மட்டும் வேறு கலர் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அது அவர் பார்த்த மாதத்துக்கு மட்டும்தான் சரி.

இந்த நாலு மணி வெயிலில்தான் அப்பாவின் சந்தனம் மாட்டிக்கொள்கிறது. சாயங்கால வெயில் தானே மஞ்சள், மஞ்சள் சுவரில் பட்டால் இரண்டும் கூடிவிடும். கார்டில் மென்மையாக இருக்கிற அந்தச் சந்தனம் நாலரை மணிக்கு மஞ்சள் பூசிய முகம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவது அப்பாவேதான். அதனால்தான் பாதி என்றேன். அதே ஷேடு எண்ணைச் சொல்லி, கலர் விடுவதில் பாதி அளவு விட்டுத் தரச் சொன்னால் மெஷின் வைத்திருக்கும் கடைகளில் செய்து தருவார்கள். சாயல் மாறாது, வெளுத்துக் கிடைக்கும். வெயில் தன் மஞ்சளைக் கொண்டுவந்து ஊற்றும்போது சரியாக அப்பா கேட்ட சந்தனத்தில் வந்து நிற்கும். ராத்திரியில் வெண்ணெய் நிறத்துக்கு இறங்கும், அது தங்கச்சிக்கும் உறுத்தாது. நியாயமாகச் சொன்னால், தரையின் இளஞ்சிவப்பைக் கணக்கில் சேர்க்காமல் நாலு மணி வெயிலை மட்டும் பார்த்தால் சாம்பல்தான் ஜெயிக்கும், மஞ்சளை அது நன்றாகத் தாங்கும். அப்பா ஒருவருக்காக மட்டும், பகலுக்காக மட்டும் ஒரு ஹால் என்றால் சாம்பலையே சொல்லியிருப்பேன். ஆனால் தரையும் காலையும் ராத்திரியும் அதற்கு எதிராக நிற்கின்றன.

காலைக் கணக்கு வெளிச்சத்தின் அளவைப் பற்றியது. உங்கள் ஹாலுக்குக் காலையில் நேர் வெயில் இல்லை, கிழக்கில் போர்டிகோ மறைக்கிறது. மேற்கு ஜன்னல் வழியாக வானத்து வெளிச்சம் மட்டும் வரும். ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு, 0-லிருந்து 100 வரை. மேலே விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதுதான் அது. வெளிர் சந்தனம் 80-க்குப் பக்கம் வரும். தங்கச்சி சொல்கிற மாதிரி வெளிர் சாம்பல் 60-ஐ ஒட்டி இருக்கும். 20-தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் வெளிச்சம் ஒரு சுவரோடு நிற்பதில்லை. ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவர், அங்கிருந்து பக்கச் சுவர், அங்கிருந்து மூலை என்று தாவித் தாவித்தான் உள்ளே போகிறது. 100 பங்கு வெளிச்சம் மூன்று தாவல் தாவினால் சந்தனத்தில் 51 பங்கு மிஞ்சும், சாம்பலில் 22-க்குள். நடுவில் சீலிங்கும் தரையும் வருவதால் நிஜத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்காது. ஆனாலும் ஜன்னலுக்குத் தூரமான மூலையில் பேப்பர் படிக்க விளக்கைப் போடுவதா வேண்டாமா என்கிற அளவுக்கு இருக்கும். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் போதுமான வெளிச்சம் அப்பாவுக்குப் போதாது.

சூட்டைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். சாம்பல் குளிர்ச்சி, சந்தனம் சூடு என்பதெல்லாம் பார்வைக்குத்தான். மேற்குச் சுவர் வாங்குகிற சூடு வெளிப்பக்கத்தில் வாங்குவது. வெளிச்சுவருக்கு வெளுத்த நிறம் அடியுங்கள், ஜன்னலுக்கு ஒரு நல்ல சன்ஷேடு வையுங்கள். உள் நிறம் அதில் பெரிதாக ஒன்றும் செய்யாது.

இனி நிலை, கதவு. தேக்கோ வேங்கையோ, நாம் பாலிஷ் போட்டால் செம்பழுப்பாகத்தான் வரும். அதன் பக்கத்தில் சாம்பல் இன்னும் நீலமாகத் தெரியும். இது கண்ணின் குணம், பெயின்ட்டின் குற்றம் இல்லை. பாரிஸில் கோபலின் என்ற பழைய நெசவுத் தொழிற்சாலையின் சாயப் பிரிவுக்கு ஷெவ்ரல் என்ற ரசாயன நிபுணர் பொறுப்பாக இருந்தார். சில கறுப்பு நூல்கள் எடுப்பாக இல்லை, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்துக் காட்டியது. 1839-இலேயே இதை விரிவாக எழுதி வெளியிட்டுவிட்டார். நம் ஊர் ஜவுளிக்கடையில் புடவையை வேறு ஜாக்கெட் துணி மேல் போட்டுக் காட்டினால் வேறு புடவையாகத் தெரிகிறதே, அதே விஷயம்தான்.

அதனால்தான் சுவரில் இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பார்க்கிற பழக்கத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. சந்தனத்துக்குப் பக்கத்தில் சாம்பலை வைத்தால் சந்தனம் கூடுதல் மஞ்சளாகும், சாம்பல் கூடுதல் நீலமாகும். இரண்டுமே நிஜமில்லை. சண்டைதான் பெரிதாகும்.

எப்படிப் பார்ப்பது? போன மாதம் பென்னாகரம் ரோட்டில் ஒரு வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். இரண்டுக்கு இரண்டு அடி ஹார்ட்போர்டு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் வெள்ளை பிரைமர் ஒரு கோட், மேலே பெயின்ட் இரண்டு கோட், சுவருக்குப் பிடிக்கிற அதே ரோலரில். ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். அன்றைக்கே பார்க்கக் கூடாது. எமல்ஷன் ஈரத்தில் வெளுப்பாக இருக்கும், காய்ந்ததும் ஒரு படி இறங்கும். மறுநாள் ஒரு போர்டை மட்டும் ஹாலுக்குக் கொண்டுவந்து, அவர்கள் டி.வி. பார்க்க உட்காரும் நாற்காலிக்கு எதிரே, தரையைத் தொட்டபடி சுவரில் சாய்த்து வைத்தோம். இன்னொன்று மாடிப்படிக்கு அடியில் துணி மூடிக் கிடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டம்மா காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். போர்டின் கீழ்விளிம்பில் தரையின் சிவப்பு ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது, மேலே போகப் போகக் கரைந்தது. “மேலதான் நான் கேட்ட கலரு, கீழ வேற என்னவோ” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் மற்றப் போர்டை வைத்தோம். இரண்டு நாளில் வேலை முடிந்தது, யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. செலவு, சாம்பிள் டப்பா இரண்டும் ஹார்ட்போர்டும்தான்.

சுவரிலேயேதான் பார்க்க வேண்டும் என்றால் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் காய்ந்த பிறகு பாருங்கள். வெறும் பூச்சு மேலோ, பழைய நிறத்தின் மேலோ ஒரு கோட் இழுத்துப் பார்ப்பது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதற்குச் சமம்.

அழுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்பல் அழுக்குத் தெரியாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நகரத்தில் வண்டிப் புகைக்கு அது சரி. நம் பக்கம் காற்றில் வருவது செம்மண். நாற்காலி முதுகு உரசுகிற இடத்திலும், சுவிட்ச் போர்டைச் சுற்றியும், ஜன்னல் கட்டைக்குக் கீழேயும் செம்மண் படிந்தால் சந்தனத்தில் அது கலந்துவிடும், சாம்பலில் துரு மாதிரி தனியாக நிற்கும்.

புது வீட்டுக்கு அதைவிட முக்கியம் உப்பு. போர் தண்ணீரில் கட்டி, போர் தண்ணீரில் நனைத்த சுவர் என்றால் அந்தத் தண்ணீரின் உப்பு சுவருக்குள் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் ஓதம் ஏறி இறங்கும்போது உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். சந்தனத்தில் அது அருகில் போனால்தான் தெரியும். சாம்பலில் வாசலில் இருந்தே தெரியும். பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் காய்ந்த பிறகு பட்டி பாருங்கள். முடிந்தால் இன்னும் தள்ளிப் போடுங்கள், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம் என்று ஈரச் சுவரை மூடினால் எந்த நிறமும் நிற்காது. பெயின்ட்டில் கலக்கவும் போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் தண்ணீர் வருகிற குழாயில் இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டச்சப் என்று பார்த்தாலும் சந்தனம் கொஞ்சம் மன்னிக்கிற நிறம். ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைத்து, மிச்சம் வைத்த பெயின்ட்டைத் தொட்டு வைத்தால் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். சாம்பலில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். அதுவும் பளபளப்பு உள்ள எமல்ஷனில் பக்கவாட்டு வெயில் அடித்தால் பட்டியின் மேடு பள்ளம் எல்லாம் அலை அலையாக எழுந்து நிற்கும். உங்கள் மேற்கு ஜன்னல் சரியாக அந்த வேலையைத்தான் செய்யும். எந்த நிறம் எடுத்தாலும் மேட் ஃபினிஷ், கழுவினால் தாங்குகிற வகையில் எடுங்கள்.

அளவு: நாலு சுவரும் சேர்ந்து 560 சதுர அடி. கதவு, ஜன்னல், திறப்பு போக 460 என்று வையுங்கள். பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 115, 120 அடி என்று நான் கணக்குப் போடுவேன். 4 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் ஒன்று. பாதி ஷேடு அடிக்கும்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் அடித்து வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதியில் தீர்ந்துபோய் இன்னொரு லிட்டர் வாங்கிவந்தால் நூலிழை மாறும், அது சுவர் நடுவில்தான் தெரியும். மிச்சத்தை மூடி இறுக்கிப் பரணில் வையுங்கள், சீட்டைக் கிழிக்காதீர்கள். கம்பெனி எது என்பது இந்தக் கேள்விக்குப் பெரிய விஷயமில்லை. ஓசூரில் ஆலை வைத்திருக்கிற நெரோலாக்கோ, ஏசியனோ, பெர்ஜரோ, எல்லாரிடமும் இந்த இரண்டு நிறமும் இருக்கிறது, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சீலிங்குக்கு வெறும் வெள்ளை போதும்.

தங்கச்சியின் சாம்பலுக்கு வருகிறேன். கிழக்குப் படுக்கையறைக்குக் காலை வெயில் உண்டு, தரை வெள்ளை. சாம்பலுக்கு இதைவிட நல்ல இடம் உங்கள் வீட்டில் இல்லை. மஞ்சள் ஆக்சைடு ஒரு துளி விட்ட சாம்பலாக எடுங்கள், அதாவது திருநீறு நிறம், சிமென்ட் நிறம் வேண்டாம். அங்கே 6500 டியூப்பைக் கழற்றிவிட்டு 3000-மோ 4000-மோ போடுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. 80-க்கு மேல் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், நிறங்களை ஓரளவு உள்ளபடி காட்டும் பல்பு என்று அர்த்தம். ஹாலிலும் இரண்டு டியூப்பில் ஒன்றை 4000 ஆக்கினால் எலுமிச்சைச் சாயல் போய்விடும். ஹாலுக்கும் சாம்பலே வேண்டும் என்று தங்கச்சி நின்றால், விளக்கு இரண்டையும் மாற்றி, தரையின் நடுவில் வெளிர் நிற ஜமக்காளம் ஒன்றைப் போட்டு, எல்.ஆர்.வி. 70-க்குக் குறையாத திருநீறு நிறமாக எடுங்கள். முடியாத காரியம் இல்லை. நிறத்துக்காக இவ்வளவு மாற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான் என் தயக்கம்.

போர்டு அடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். போன் கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும், நீலமோ மஞ்சளோ அதற்குப் பிடித்த மாதிரி மாற்றிவிடும். நான் இங்கிருந்து பார்ப்பது உங்கள் சுவராக இருக்காது. பாதிச் சந்தனப் போர்டை அப்பாவின் நாற்காலிக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் வேலைக்குப் போங்கள். நாலரை மணிக்கு அவருக்குப் போன் போட்டு, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.